பழைய வால்வு ரேடியோவில் கண்டென்சரை மாற்றலாமா, விட்டுவிடலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஒரு வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் ஓடும் பெட்டி) இறங்குவது இன்றும் நடக்கிறது. பிலிப்ஸ், மர்ஃபி, புஷ், எச்.எம்.வி., ஜி.இ.சி. என்று ஏதோ ஒன்று. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. 1960களில் அந்த நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லை டெல்டா விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அவ்வளவு கேட்ட ஊர்களில் பெட்டிகள் மிஞ்சியிருப்பதில் வியப்பில்லை. முன்பெல்லாம் அவை நேராகக் காயலான் கடைக்குப் போகும். இப்போது சிலர் திரும்பப் பாட வைக்க ஆசைப்படுகிறார்கள்.

ஆசைப்பட்டவர் முதலில் மாட்டிக்கொள்வது கண்டென்சர் விஷயத்தில்தான். ஒரு மெக்கானிக், "அறுபது வருஷத்துச் சரக்கு, ஒன்று விடாமல் கழற்றிப் போட்டுப் புதுசு வை" என்பார். இன்னொருவர், "பாடுகிற பெட்டியில் கை வைக்காதே" என்பார். இருவரும் அனுபவசாலிகள். இருவர் சொல்வதும் பாதி சரி. வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பதால்தான் இந்தக் குழப்பம். ஒரு கண்டென்சர் எந்தப் பொருளால் ஆனது, சர்க்யூட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, கெட்டால் தன்னோடு எதைச் சேர்த்து அழிக்கும் என்ற மூன்றையும் பார்த்தால் முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

கண்டென்சரின் வேலை

பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, கடையில் கண்டென்சர். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள், அவ்வளவுதான். ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரத்தைத் தடுக்கும். திசை மாறி மாறி வரும் ஏ.சி.யையும் ரேடியோ, பாட்டு சிக்னல்களையும் விடும்.

வால்வு ரேடியோவில் இந்தத் தடுக்கும் வேலைதான் உயிர்நாடி. டிரான்சிஸ்டர் பெட்டி சில வோல்ட்டில் ஓடும். வால்வுக்கு 200 முதல் 300 வோல்ட் டி.சி. வேண்டும். இதை மெக்கானிக்குகள் எச்.டி. என்பார்கள். ஒரு வால்வின் பிளேட்டில் (சிக்னல் வெளியே வரும் முனை) 100 வோல்ட் நிற்கும்போது அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போகும் முனை) பாட்டு மட்டும் போக வேண்டும், அந்த 100 வோல்ட் போகக் கூடாது. நடுவில் காவல் நிற்பது கண்டென்சர். அது ஒழுகினால், அதாவது தடுக்க வேண்டிய டி.சி.யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்தால், அதற்குப் பெயர் லீக்கேஜ். முழுவதும் விட்டால் ஷார்ட். தன் கொள்ளளவை இழந்துவிட்டால் ஓப்பன். மூன்றும் மூன்று விதமான நோய்கள். மூன்றுக்கும் விளைவு வேறு.

எந்தப் பொருள் எப்படிக் கிழடாகிறது

ஒரு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தால் நான்கைந்து சாதிக் கண்டென்சர்கள் கண்ணில் படும்.

1. பேப்பர் கண்டென்சர். அலுமினியத் தாளும் காகிதமும் சேர்த்துச் சுருட்டி, மெழுகிலோ எண்ணெயிலோ ஊறவைத்து, வெளியே மெழுகு, தார் அல்லது பிளாஸ்டிக் உறை போட்டது. காகிதம் ஈரத்தை இழுக்கும். உறையில் மயிரிழை விரிசல் போதும், காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். காகிதத்தில் இருக்கும் அமிலத்தன்மையும் நாளாக நாளாக அதைத் தின்னும். உபயோகித்தாலும் கெடும், சும்மா கிடந்தாலும் கெடும்.

2. எலக்ட்ரோலிட்டிக். வால்வுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அலுமினிய டப்பா, உதிரிகளைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸுக்கு அடியில் சிறிய குழாய்கள். இதில் மின்சாரத்தைத் தடுப்பது அலுமினியத்தின் மேல் படிந்த ஒரு ஆக்ஸைடு படலம். அதன் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வரை படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் இளகிவிடும். தனியாக, உள்ளே இருக்கும் திரவமும் காயும். படலம் போனதைத் திரும்பக் கொண்டுவரலாம், காய்ந்ததைக் கொண்டுவர முடியாது.

3. மைக்கா. தட்டையான பழுப்புச் சதுரங்கள், அல்லது ஸ்டேஷன் சிக்னலைப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப். சுருள்களின் டப்பாவுக்குள் ஒளிந்திருப்பவை. பெரும்பாலும் நம்மைவிட அதிக நாள் இருக்கும். அபூர்வமாக, வெள்ளி பூசிய மைக்காவில் வெள்ளி நகர்ந்து படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும். அந்தச் சத்தம் வராதவரை தொட வேண்டாம்.

4. செராமிக். குட்டி வட்டு அல்லது குழாய். இதுவும் மிக அபூர்வமாகத்தான் கெடும்.

5. பாலியஸ்டர் ஃபிலிம். 1960களின் பெட்டிகளில் வரும். முல்லார்டு கம்பெனியின் கடுகு நிறக் கண்டென்சர்களைப் பார்த்தால் சந்தோஷப்படலாம். நூற்றுக்குப் பெரும்பகுதி இன்றும் புதுசு போலவே இருக்கும்.

ஸ்டேஷன் பிடிக்கத் திருப்பும் கேங் கண்டென்சரும் உண்டு. அதில் தகடுகளுக்கு நடுவே இருப்பது வெறும் காற்று. தூசியையும் பல்லி எச்சத்தையும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். தகட்டை வளைத்து நேராக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

ஆக, "பழசு எல்லாம் போச்சு" என்ற வாதம் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சாதிகளுக்குப் பொருந்தாது. "பாடுகிறதே, விடு" என்ற வாதம் முதல் சாதிக்குப் பொருந்தாது. தகராறு மிஞ்சுவது எலக்ட்ரோலிட்டிக்கில் மட்டும்தான்.

டெல்டாவின் ஈரம் ஏன் கணக்கில் வருகிறது

குளிர்ந்த, வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட ரிப்பேர் அறிவுரைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டெல்டாவில் உப்பு ஜாடிக்குள்ளேயே நீர் கோர்க்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கம் கடற்காற்றின் உப்பும் சேரும். அப்புறம் சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரண் அடுப்பாகக் காயும். வெயிலில் மெழுகு இளகி வழிகிறது, தார் உறை வெடிக்கிறது. அடுத்த மழைக்கு அந்த வெடிப்பு வழியே ஈரம் இறங்குகிறது. இந்தச் சுற்று வருஷம் தவறாமல் நடந்திருக்கிறது.

அதனால் வறண்ட ஊரில் பத்துக்கு நாலு பேப்பர் கண்டென்சர் பிழைக்கலாம் என்று ஒருவர் வாதாடினால் நான் மறுக்க மாட்டேன். டெல்டாப் பரணில் கிடந்த பெட்டியில் ஒவ்வொரு பேப்பர் கண்டென்சரும் ஒழுகுகிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குவது உத்தமம். மீட்டர் வேறு சொன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கப்ளிங் கண்டென்சர்: ஒரு சின்னக் கணக்கு

எந்த இடம் எவ்வளவு ஆபத்து என்று புரிய இந்த ஒரு கண்டென்சரை மட்டும் விரிவாகப் பார்த்தால் போதும். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கண்ட்ரோல் கிரிட்டுக்குப் போவது இது. அளவு வழக்கமாக 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட். சுண்டு விரல் அளவுப் பொருள்.

ஒரு பக்கம் முந்தைய வால்வின் பிளேட், அங்கே 100 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மறு பக்கம் கிரிட். கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர். கண்டென்சரின் லீக்கேஜ் 50 மெகா ஓம். இது பெரிய ஒழுக்கு ஒன்றும் கிடையாது. பல மல்டிமீட்டர்கள் 20 அல்லது 40 மெகா ஓமுக்கு மேல் அளக்கவே அளக்காது, 'ஓப்பன்' என்று காட்டிவிட்டுப் போய்விடும்.

100 வோல்ட்டை 51 மெகா ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட 2 மைக்ரோ ஆம்பியர். அது 1 மெகா ஓம் ரெசிஸ்டரில் ஓடினால் கிரிட்டில் 2 வோல்ட் பாசிட்டிவ்.

உதாரணமாக, இ.எல்.84 என்ற அவுட்புட் வால்வுக்கு 250 வோல்ட்டில் கிரிட் சுமார் 7.3 வோல்ட் நெகட்டிவாக இருக்க வேண்டும். அப்போது 48 மில்லி ஆம்பியர் ஓடும். 250-ஐ 48 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 12 வாட். அந்த வால்வின் பிளேட் தாங்கும் உச்சவரம்பும் அதே 12 வாட்தான், மிச்ச இடமே இல்லை. இப்போது 2 வோல்ட் பாசிட்டிவ் வந்து சேர்கிறது. வால்வின் கேத்தோடு முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள ரெசிஸ்டர் ஓரளவு இழுத்துப் பிடிக்கும். அப்படியும் 8 மில்லி ஆம்பியர் போலக் கூடி, பிளேட் 14 வாட்டில் வேகும். பெட்டிக்குள் சூடு ஏற ஏறக் கண்டென்சர் இன்னும் ஒழுகும். ஒழுகினால் இன்னும் சூடு.

வால்வு சிவக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. அதே கரண்ட், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுற்று வழியாகத்தான் வருகிறது. தலைமுடி மொத்தக் கம்பி. அது அறுந்தால் புதுசு கடையில் கிடைக்காது, சுற்றித் தரும் ஆளைத் தேடிப் போக வேண்டும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் வால்வும் கூடவே தேயும்.

இவ்வளவு நடக்கும்போதும் பெட்டி பாடிக்கொண்டேதான் இருக்கும். கொஞ்சம் கரகரப்பு, அரை மணி நேரத்தில் குரல் கட்டியது போல் ஆவது, அவ்வளவுதான் வெளியே தெரியும். "பாடுகிற பெட்டியில் கை வைக்காதே" என்ற அறிவுரை இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. இது பேப்பர் கண்டென்சராக இருந்தால் பிளக்கைச் செருகும் முன்பே மாற்றிவிடுங்கள். சோதனை, யோசனை எதுவும் தேவையில்லை. புதிய ஃபிலிம் கண்டென்சர் ஒரு டீ, வடைக் காசுக்குள் முடியும்.

மற்ற இடங்கள், ஆபத்தின் வரிசையில்

1. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே, அல்லது அவுட்புட் வால்வின் பிளேட்டிலிருந்து சேசிஸுக்குப் போடும் டோன் கண்டென்சர். சில ஆயிரம் பிகோஃபாரட். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது இங்கே எச்.டி.யைவிட அதிக வோல்ட் ஏறும். சேசிஸுக்குப் போவது ஷார்ட் ஆனால் எச்.டி. முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர் வழியே தரைக்கு இறங்கும். கட்டாயம் மாற்றுங்கள். 1000 வோல்ட்டுக்குக் குறையாமல் போடுங்கள்.

2. மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கேயோ, லைனிலிருந்து சேசிஸுக்கோ உள்ள கண்டென்சர். சுவிட்ச் போட்டிருக்கும் நேரம் முழுவதும் 230 வோல்ட் ஏ.சி.யைத் தாங்கி நிற்பது. வெடித்தால் புகை, தீ. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியில் இதை வெட்டி எறிந்தாலும் ரேடியோ பாடும். திரும்பப் போட ஆசை என்றால் மெயின்ஸுக்கென்றே செய்த பாதுகாப்பு வகைகளில், லைனுக்குக் குறுக்கே எக்ஸ்2, சேசிஸுக்குப் போவது ஒய்2. சாதாரண 630 வோல்ட் டி.சி. கண்டென்சர் இந்த இடத்துக்கு ஆகாது.

3. ஸ்கிரீன் கிரிட் (வால்வின் இரண்டாவது கிரிட்), எச்.டி. டிகப்ளிங் கண்டென்சர்கள். அங்கே போகும் டி.சி.யில் சிக்னல் கலக்காமல் பார்ப்பவை. ஷார்ட் ஆனால் அதற்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டர் கருகும், ஸ்டேஷன் வராது. பேப்பராக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. ஏ.வி.சி. கண்டென்சர். ஸ்டேஷன் பலமாக வந்தால் ரேடியோ தானாகவே தன் சத்தத்தை அடக்கிக்கொள்ள உதவும் லைன் இது. இதுவும் ஒரு மெகா ஓம் போன்ற பெரிய ரெசிஸ்டரில் தொங்குவது. கண்டென்சர் 1 மெகா ஓம் ஒழுகினாலே அடக்கும் வோல்ட் பாதியாகிவிடும். எதையும் எரிக்காது, ஆனால் அறிகுறி வேடிக்கையாக இருக்கும்: தூரத்து ஸ்டேஷன் நன்றாக வரும், பக்கத்தில் இருக்கும் திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் மட்டும் கரகரக்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பலர் ஸ்பீக்கரை மாற்றப் போவார்கள்.

5. கேத்தோடு பைபாஸ். கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே இருப்பது. 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போலச் சின்ன எலக்ட்ரோலிட்டிக். காய்ந்தால் சத்தம் குறையும், அவசரமில்லை. ஷார்ட் ஆனால் பயாஸ், அதாவது கிரிட்டுக்கு வேண்டிய நெகட்டிவ் வோல்ட், போய் மேலே சொன்ன கதைதான். விலை அற்பம், மாற்றிவிடலாம்.

6. ஐ.எஃப்., ஆசிலேட்டர், பேண்ட் சுவிட்சைச் சுற்றியுள்ள மைக்காவும் செராமிக்கும். விட்டுவிடுங்கள். இங்கே 'எதற்கும் இருக்கட்டும்' என்று கை வைத்தால் டயலில் திருச்சி ஓரிடத்திலும் முள் வேறிடத்திலும் நிற்கும். ஸ்டேஷனும் டயலும் பொருந்தும்படி திரும்ப அலைன்மெண்ட் செய்ய சிக்னல் ஜெனரேட்டரும் பொறுமையும் வேண்டும்.

"எல்லாவற்றையும் மாற்று" கட்சியின் பலவீனம் இந்த ஆறாவது இடம்தான். இன்னொன்றும் உண்டு. முப்பது கண்டென்சரை ஒரே மூச்சில் மாற்றினால் இரண்டு இடத்திலாவது வயர் மாறும். பாடிக்கொண்டிருந்த பெட்டி ஊமையாகும். தவறு எங்கே என்று தேட முப்பது இடம். ஒன்றிரண்டு மாற்றி, போட்டுப் பார்த்து, அடுத்ததற்குப் போவது மெதுவான வழி. தேடுகிற வேலையை மிச்சப்படுத்துகிற வழியும் அதுதான்.

மல்டிமீட்டர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

கழற்றிய பேப்பர் கண்டென்சரை மீட்டரின் கண்டென்சர் ரேஞ்சில் வைத்தால் 0.01 என்று எழுதியது 0.013 என்று காட்டும். "அட, அதிகமாகவே இருக்கிறதே" என்று திரும்பப் பத்தவைப்பவர்கள் உண்டு. ஒழுகும் கண்டென்சர் பெரும்பாலும் அதிகமாகத்தான் காட்டும், அதுவே கெட்டதன் அடையாளம். மீட்டர் ஓரிரு வோல்ட்டில் சோதிக்கிறது, கண்டென்சர் வேலை செய்வதோ 100, 250 வோல்ட்டில். குறைந்த வோல்ட்டில் ஒழுகாதது நிறைய வோல்ட்டில் ஒழுகும்.

சரியான சோதனை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கப்ளிங் கண்டென்சரை எடுத்துக்கொள்வோம்.

1. பிளக்கைப் பிடுங்கி, எச்.டி.யைத் தேக்கும் ஃபில்டர் கண்டென்சரில் தேங்கியிருக்கும் சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியே இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடும் பழக்கம் வேண்டாம்.

2. கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை மட்டும் பிரித்துத் தனியே நிறுத்துங்கள். கிரிட் ரெசிஸ்டர் அங்கேயே இருக்கட்டும். அது இருப்பதால் வால்வுக்கு ஆபத்தில்லை.

3. பிரித்த காலுக்கும் சேசிஸுக்கும் நடுவே டி.சி. வோல்ட் ரேஞ்சில் மீட்டரைப் பிடித்துவிட்டு, பெட்டியைப் போடுங்கள்.

4. வால்வு சூடானதும் முள்ளோ எண்ணோ ஒரு முறை எகிறி, சுழியத்துக்கு அருகே இறங்கி நின்றால் நல்லது. இறங்காமல் ஏதோ ஒரு வோல்ட்டில் நிலையாக நின்றால் ஒழுக்கு.

டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். நம் கணக்கில் வந்த 50 மெகா ஓம் ஒழுக்கு இந்தச் சோதனையில் 16, 17 வோல்ட்டாகப் பளிச்சென்று தெரியும். ஓம் ரேஞ்சில் ஓப்பன் என்று தப்பித்த அதே கண்டென்சர் இங்கே பிடிபடும்.

எலக்ட்ரோலிட்டிக்: உண்மையான தகராறு

ரெக்டிஃபையரிலிருந்து வரும் மின்சாரம் தொடர்ச்சியாக வராது, துடிப்புத் துடிப்பாக வரும். முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீரைக் குளத்தில் தேக்கி நாள் முழுவதும் பாய்ச்சுவது போல, அந்தத் துடிப்புகளைத் தேக்கிச் சமமாக விடுவது ஃபில்டர் கண்டென்சர். கொள்ளளவு குறைந்தால் ஸ்பீக்கரில் 'ஊம்' என்ற ஹம். வால்யூமைக் குறைத்தாலும் அது குறையாது. இரண்டு பக்க ரெக்டிஃபையர் என்றால் 100 ஹெர்ட்ஸ், ஒரு பக்கம் என்றால் 50 ஹெர்ட்ஸ்.

இளகிய ஆக்ஸைடு படலத்தை மெதுவாகத் திரும்ப வளர்ப்பதற்கு ரீஃபார்மிங் என்று பெயர். டப்பாவைச் சர்க்யூட்டிலிருந்து பிரித்து, தனி 300 வோல்ட் டி.சி.யிலிருந்து 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே கொடுத்து, மணிக்கணக்கில் விட வேண்டும். டப்பாவின் மேல் எழுதிய வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ரெசிஸ்டருக்குக் குறுக்கே மீட்டர் வைத்தால் 33 வோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியர் ஒழுக்கு. மணிக்கணக்கில் விட்ட பிறகும் அது 1 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்காவிட்டால் அந்த டப்பாவை மறந்துவிடலாம். இறங்கினால் பெட்டியில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, ஹம் இருக்கிறதா, டப்பா சுடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவைக்கலாம்.

தலைப்பக்கம் உப்பியது, ரப்பர் மூடி பிளந்தது, அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியது, இவற்றுக்கு ரீஃபார்மிங் வீண். திரவம் வெளியே போய்விட்டது.

வேரியாக் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ரீஃபார்மிங் தானாக நடந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டயோடு போட்ட பெட்டிக்குச் சரி. ரெக்டிஃபையரே வால்வாக இருந்தால், அதன் ஹீட்டர் லைன் வோல்ட்டில் பாதி கொடுத்தால் சரியாகச் சூடாகாது. எச்.டி. சுழியமாகவே இருந்து, முக்கால் தாண்டும்போது திடீரென்று ஏறும். மெதுவாக ஏற்றுகிறோம் என்பது நம் நினைப்பில்தான் இருக்கும். முதல் முறை மின்சாரம் கொடுக்க அதைவிட எளிதான காவல், நம் எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் வைத்திருக்கும், லைனில் தொடராக மாட்டும் சீரிஸ் பல்பு. 60 வாட் பழைய குண்டு பல்பு. எல்.இ.டி. உதவாது. பல்பு முதலில் பளிச்சிட்டு மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

என் கணிப்பு: தினமும் ஒரு மணி நேரம் கேட்கப் போகும் பெட்டி என்றால் ஃபில்டரை மாற்றிவிடுங்கள், ரீஃபார்மிங்குக்குச் செலவிடும் நேரத்துக்கு அது மதிப்பில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதற்கான அபூர்வ மாடல் என்றால் ரீஃபார்மிங் முயலலாம். பார்வைக்குப் பழசு, வேலைக்குப் புதுசு என்று இரண்டும் வேண்டுமென்றால் டப்பாவை அடியில் அறுத்து, உள்ளே இருப்பதை வழித்தெடுத்து, இன்றைய சின்னக் கண்டென்சரை உள்ளே வைத்து மூடலாம். பேப்பர் கண்டென்சரின் குழாயிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வேலை அதிகம், கெடுதல் ஒன்றுமில்லை. அவசரமென்றால் பழைய டப்பாவின் வயர்களைக் கழற்றி, டப்பாவை அலங்காரத்துக்கு அங்கேயே விட்டு, புதுசைச் சேசிஸுக்கு அடியில் ஒரு டேக் ஸ்ட்ரிப்பில் (வயர்களைப் பத்தவைக்கும் சிறு பட்டை) பொருத்துங்கள். பழசைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுசைப் பத்தவைப்பது மட்டும் கூடாது. ஹம் போய்விடும், ஒழுக்கு போகாது.

புதுசு வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவில் பழைய அளவைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. 50 மைக்ரோஃபாரட்டுக்கு 47, 32-க்கு 33, 0.05-க்கு 0.047, 0.02-க்கு 0.022 என்று கேளுங்கள். இந்த வித்தியாசத்தைப் பெட்டி கண்டுகொள்ளாது. ஃபிலிம் கண்டென்சர் 630 வோல்ட், ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக் 450 வோல்ட். நம் லைன் சில நேரம் 230-ஐத் தாண்டி ஓடும், எச்.டி.யும் அதோடு ஏறும். பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் மாற்றும் தட்டு இருந்தால் அது உயர்ந்த எண்ணில் இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.

வோல்ட்டை அதிகமாகப் போடலாம், ரெக்டிஃபையருக்கு நேர் அடுத்த கண்டென்சரின் மைக்ரோஃபாரட்டை அப்படி ஏற்ற முடியாது. இ.இசட்.80 வால்வுக்கு அந்த இடத்தில் உச்சவரம்பு 50. "ஹம் சுத்தமாகப் போகட்டும்" என்று 220 போட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு இழுக்க வேண்டிய கரண்ட் எகிறி, ரெக்டிஃபையர் சீக்கிரம் சாகும். எலக்ட்ரோலிட்டிக்கில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் வெடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சில பெட்டிகளில் ஃபில்டரின் நெகட்டிவ் நேராகச் சேசிஸுக்குப் போகாமல் ஒரு ரெசிஸ்டர் வழியே போகும். கிரிட்டுக்கு நெகட்டிவ் பயாஸ் எடுக்க அந்த ஏற்பாடு. பழைய வயர் எங்கே போனதோ அங்கேயே புதிய வயரும் போக வேண்டும்.

ஏ.சி./டி.சி. பெட்டிகளில் மட்டும் உள்ள ஆபத்து

பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பெட்டிகள் உண்டு. யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85 என்று 'யு' எழுத்தில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அநேகமாக அந்த வகை. எல்லா ஹீட்டர்களும் 100 மில்லி ஆம்பியரில் தொடராகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு வால்வைப் பிடுங்கினால் எல்லாம் அணையும். இதில் சேசிஸ் மெயின்ஸின் ஒரு வயரோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட். தேய்ந்த குமிழின் திருகாணி வழியாகவே ஷாக் அடிக்கும். இந்த வகையை, பெட்டியை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறந்து வேலை பார்க்கக் கூடாது.

இங்கே முதலில் மாற்ற வேண்டியது கப்ளிங் கண்டென்சரைக்கூட அல்ல. ஏரியல் சாக்கெட்டுக்கும் எர்த் சாக்கெட்டுக்கும் உள்ளே, அவற்றையும் சேசிஸையும் பிரித்து வைத்திருக்கும் சின்னக் கண்டென்சர்கள். பழைய வீடுகளில் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கட்டிய செப்புக் கம்பி வலை ஏரியல் நினைவிருக்கும். அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆனால் வலை முழுவதும் மெயின்ஸ் ஏறும். ரேடியோ அப்போதும் நன்றாகவே பாடும். துணி உலர்த்தக் கை உயர்த்துபவருக்குத்தான் தெரியவரும்.

இந்த இடத்துக்கு ஒய்1 அல்லது ஒய்2 வகை மட்டும் போடுங்கள். இவை கெட்டால் ஷார்ட் ஆகாமல் ஓப்பன் ஆகும்படி செய்யப்பட்டவை. அளவைப் பழையதைவிடக் கூட்டாதீர்கள். 4,700 பிகோஃபாரட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர் கசியும், விரலில் லேசான சுருக்கு. 0.1 மைக்ரோஃபாரட் என்று போட்டுவிட்டால் அதுவே 7 மில்லி ஆம்பியரைத் தாண்டும். மாற்றி முடித்ததும் பிளக்கை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகி, ஏரியல் சாக்கெட்டையும் எர்த்தையும் மீட்டரின் ஏ.சி. மில்லி ஆம்பியர் ரேஞ்சால் ஒருமுறை அளந்துவிட்டு, அப்புறம் பின்மூடியைப் போடுங்கள். பின்மூடி தொலைந்துபோன பெட்டி என்றால், ஹார்டுபோர்டில் ஒன்று வெட்டி மாட்டும் வரை அதை வீட்டுக் கூடத்தில் வைக்க வேண்டாம்.